உள்ளபடி ஆணையம்

கண்ணாடிக்காரருக்கு அந்தக் கார்மேல் ஆசையும் கிடையாது, பகையும் கிடையாது. அது மாமனாருடையது. "ரெண்டு நாளைக்கு உங்க ஷெட்டுல நிக்கட்டும் மாப்பிள்ளை" என்று சொல்லி, நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதன் பிறகு எப்போது வண்டிப் பேச்சை எடுத்தாலும் அவருக்குத் திடீரென்று காது மந்தமாகிவிடும். மனிதர் போய்ச்சேர்ந்தே பல வருஷமாகிவிட்டது. வண்டிக்கு மட்டும் அந்த இரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

பழைய காலத்து வண்டி. முன்னால் முழித்துப் பார்க்கிற மாதிரி இரண்டு விளக்கு, பக்கவாட்டில் ஏறி நிற்க ஒரு பலகை, உள்ளே ஒரு குடும்பமே கால் நீட்டி உட்காரக்கூடிய பின்சீட்டு. ஒரு காலத்தில் கரும்பச்சை நிறம் என்று கேள்வி. இப்போது நாலு டயரும் தரையோடு தரையாக அமுங்கி, மட்கார்டெல்லாம் துருவேறி, முன்சீட்டுப் பஞ்சை எலிகள் வாரிக்கொண்டுபோய், வண்டி பார்க்கவே பாவமாக இருந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக்காரர். தெருவைப் பார்த்துக் கடை. கடைக்கு ஒட்டினாற்போல் அந்த ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் குழாயோடு ஒரு குளியலறை. குடியிருப்பு மாடியில். ஷெட்டுக்குப் பக்கத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டுதான் மாடிக்கு ஒரே வழி.

அந்தப் படிக்கட்டில்தான் அவர் மனைவி வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து நாலு பேர் அவளைப் பிடித்து, வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கி, எப்படியோ மாடியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மருத்துவர் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார். "இனிமே எறங்கினா ஒரே தடவைதான். மறுபடி இந்தப் படியில ஏத்தற வேலை வெச்சுக்காதீங்க. கீழயே ஒரு ரூம் பாருங்க."

கீழே ரூம் என்றால் ஷெட்தான். குளியலறை பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கட்டிலைப் போட்டு, கதவைத் திறந்துவைத்தால் தெரு தெரியும், நாலு மனுஷர் முகம் தெரியும். தடை ஒன்றே ஒன்றுதான். அது ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

"வண்டி எப்பங்க போகும்?" என்று மனைவி தினமும் கேட்பாள்.

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"நீங்க பாக்கிற லட்சணம் தெரியுது. ஏழு மாசமா மேல ஒருத்தி கெடக்கா. கீழ தொணதொணப்பு இல்லாம கடையில உக்காந்திருக்கலாம்னு நெனப்போ என்னமோ."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. அபாண்டம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிம்மதி இருப்பது அவருக்கே தெரியும். அது மனைவிக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. இறங்கி வந்து அன்றைக்கே விளம்பரம் எழுதினார்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். பவர் கூடியிருக்கிறதா என்று கேட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம், கூடவில்லை, கண்ணாடியைக் கழுவினால் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற ஆசாமி. விளம்பரத்தையும் அந்த லட்சணத்தில்தான் எழுதினார். "பழைய கார் விற்பனைக்கு. ஓடாது. பிரேக் இல்லை. அடித்தகட்டில் ஓட்டை. என்ஜினைத் திறந்து பார்க்கவில்லை, தைரியமும் இல்லை. செப்பனிடும் ஆசை உள்ளவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது."

போன் வந்தது. "இவ்வளவு சொல்லியிருக்கீங்களே, சொல்லாம விட்டது என்ன சார்?"

"ஒண்ணும் விடலைங்க. எல்லாத்தையும் எழுதிட்டேன்."

"அதான் சந்தேகமா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அப்புறம் வந்த போன்களும் ஏறக்குறைய இதே தினுசுதான்.

கடைசியில் ஒரு தாடிக்காரர் நேரிலேயே வந்தார். வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெகுநேரம் தட்டுகிற சத்தமும் பெருமூச்சும் மட்டும் கேட்டன. வெளியே வந்தபோது அவர் முகம் பிரகாசமாக இருந்தது. "மோசம் சார். ரொம்ப ரொம்ப மோசம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். தன் கையால் நட்டு நட்டாகக் கழற்றிச் சரிபண்ணி, தெருவில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் கனவாம்.

கதவுகள் துருவில் இறுகிக் கிடந்தன. தாடிக்காரர் முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க எட்டினார். விரல் தடிமனுக்குத் தூசி. ஒன்றும் தெரியவில்லை.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வேறு யாராயிருந்தாலும் நடந்திருக்காது. முப்பது வருஷம் கண்ணாடி துடைத்த கை சும்மா இருக்குமா? சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணி தானாக வந்தது. அவர் வாய் தானாக ஆவி ஊதியது. கை வட்டமாக மூன்று சுற்று சுற்றியது. அழுக்குக் கண்ணாடியில் ஒரு மூக்குக்கண்ணாடி வில்லை அளவுக்கு, அதற்கு மேலுமில்லாமல் கீழுமில்லாமல், பளிச்சென்று ஒரு வட்டம் விழுந்தது. தாடிக்காரர் அதன் வழியாகப் பார்த்து, "ஸ்டீரிங் அப்படியே இருக்கு" என்று உருகினார்.

"நான் எடுத்துக்கறேன் சார். நீங்க உள்ளபடிச் சான்றிதழ் மட்டும் வாங்கிடுங்க."

"அது என்னது?"

தாடிக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பழைய வண்டி விற்கிறவனுக்கு அது தெரியாதா என்ற பார்வை. பிறகு விளக்கினார். புது ஓட்டையைப் பழைய ஓட்டை என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆகவே இந்த மாதிரி வண்டி கைமாற வேண்டுமானால், அது யார் கையும் படாமல் தானாகவே கெட்டுப்போனது என்று தொன்மை வாகன உள்ளபடி ஆணையம் சான்று தரவேண்டும். சான்று இல்லாமல் வண்டியை ஷெட்டிலிருந்து அரையடி நகர்த்தினாலும் குற்றம்.

ஆணையத்தின் கட்டடம் நாலு மாடி. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுபோயிருந்தது. "உள்ளபடி பாதுகாக்கப்படுகிறது" என்று அதில் பலகை மாட்டியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் மூச்சிரைக்க ஏறினார். மேலே ஒரு குமாஸ்தா விசாரித்தார்.

"வண்டியை ரிப்பேர் பண்ணினீங்களா?"

"இல்லைங்க."

"ஏன் பண்ணலை?"

"எனக்கு அந்த வேலை தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பீங்க."

"பண்ணியிருப்பேனோ என்னவோ."

குமாஸ்தா தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எட்டிப் பார்த்தால், "நோக்கம் உண்டு, திறமை இல்லை" என்று எழுதியிருந்தது.

அடுத்த வாரம் தூசி அதிகாரி வந்தார். அப்படி ஒரு பதவி இருக்கிறது. ஒல்லியான மனிதர். மூக்கை மூடித் துணி கட்டியிருந்தார், தும்மினால் ஆதாரம் கலைந்துவிடுமாம். வண்டியைச் சுற்றி நுனிக்காலில் நடந்து, மட்கார்டுத் துருவைப் பார்த்து, "நேர்மையான துரு" என்று பாராட்டினார். எலிக்கூட்டைப் பார்த்து, "கைபடாத எலிக்கூடு" என்றார். கண்ணாடிக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முன்பக்கம் வந்த அதிகாரி சட்டென்று நின்றார்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தாங்க. பழக்கதோஷம். தொழிலே கண்ணாடி துடைக்கிறது."

"எதை அழிச்சீங்க?"

"தூசியை."

"தூசியில என்ன இருந்துது?"

"தூசிதாங்க இருந்துது."

அதிகாரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். ஒரு வண்டி முழுக்கத் தூசி இருக்கறப்ப, ஒரே ஒரு எடத்துல மட்டும் ஒருத்தர் தொடைக்கிறார்னா, அங்க தொடைக்க வேண்டியது ஏதோ இருந்திருக்கு. நீங்க முழு வண்டியையும் கழுவியிருந்தீங்கன்னா நான் சந்தேகமே பட்டிருக்க மாட்டேன். சுத்தக்காரர்னு எழுதிட்டுப் போயிருப்பேன்."

உண்மையைச் சொல்லிவிட்டோம், அதோடு விட்டுவிடுவார்கள் என்று கண்ணாடிக்காரர் நம்பினார். அதிகாரியோ வண்டிக்குச் சீல் வைத்துவிட்டார். துடைத்த இடத்தில் அந்த ஷெட்டின் தூசியே தானாகப் படிந்து மூடும் வரைக்கும் வண்டி அசையக்கூடாது என்பது உத்தரவு. அதுவரை ஷெட்டில் பெருக்கக்கூடாது, காற்றாடி போடக்கூடாது, பலமாகப் பேசவும் கூடாது. மேற்பார்வைக்கு ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள்.

மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மனைவி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"தொடைக்கணும்னு உங்களுக்கு அப்பத்தான் தோணிச்சா?"

"கை தானா போயிடுச்சும்மா."

"வீட்டு ஜன்னல் கண்ணாடியை வருஷம் முழுக்கச் சொல்றேன். அங்க ஒரு நாளும் தானாப் போகலையே அந்தக் கை. காரியம் கெடணும்னா மட்டும் போகும்."

ஜன்னல் கண்ணாடி உண்மையிலேயே அழுக்காக இருந்தது.

ஒரு வாரம் போனது. தூசி படியவே இல்லை. காவலாளி அதையே பார்த்துக்கொண்டு மூச்சு விடுவதால் படிகிற தூசி பறந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அவரை வாசல் பக்கம் தள்ளி உட்காரவைத்தார்கள். அப்புறம், காவலாளி தன் செருப்பில் வெளித்தூசியைக் கொண்டுவருகிறாரோ என்று ஆணையத்துக்குச் சந்தேகம் வந்தது. செருப்பைக் கண்காணிக்க இரண்டாவது காவலாளி வந்தார். அவரும் செருப்பு போட்டிருந்தார். அதைப் பற்றி ஆணையத்தில் தனியாக ஒரு கூட்டம் நடந்ததாகக் கேள்வி.

ஒரு நாள் காலையில் பார்த்தால், அதிசயமாக, வட்டத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. கண்ணாடிக்காரர் மாடிக்கு ஓடிப்போய், "மூடிக்கிச்சு, மூடிக்கிச்சு" என்றார். மனைவி எழுந்து உட்கார்ந்து தலையை வாரிக்கொண்டாள். தூசி அதிகாரி வந்து ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது மின்னியது.

"இது கண்ணாடித்தூள்."

"பக்கத்துல கடையில வில்லை தேய்க்கிற மிஷின் ஓடுதுங்க. இடுக்கு வழியா வந்திருக்கும்."

"கலப்படத் தூசி" என்று அதிகாரி நெற்றியைச் சுளித்தார். "முதல்ல அழிச்சீங்க. இப்ப போலி பண்றீங்க."

இதற்கு நடுவில் தாடிக்காரரும் பொறுமை இழந்து நேராக ஆணையத்துக்கே போய்விட்டு வந்தார். வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. சான்றிதழ் கொடுத்த பிறகு வண்டியைச் செப்பனிடலாமா என்று கேட்டாராம். கூடாதாம். "செப்பனிட வேண்டிய வண்டி" என்றுதான் சான்று தருகிறார்கள். செப்பனிட்டுவிட்டால் அது செப்பனிட வேண்டிய வண்டி இல்லை. அப்புறம் சான்றிதழ் பொய்யாகிவிடும். பொய்ச் சான்று வைத்திருப்பது குற்றம். "திட்டம் எவ்வளவு வேணும்னாலும் போடலாமாம் சார். ஸ்பேனரைத்தான் தொடக்கூடாதாம்" என்றார்.

"அப்ப வாங்கிட்டு என்ன பண்றது?"

"பாத்துக்கிட்டே இருக்கறதாம்." தாடிக்காரர் போகும்போது திரும்பி நின்று கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க, நீங்களும் அவங்க ஆளா?"

வாங்குகிறவர் போய்விட்டார் என்பதற்காக விசாரணை நின்றுவிடுமா? ஆணையத்தின் தலைவரே நேரில் வரப்போவதாகச் செய்தி வந்தது. கண்ணாடிக்காரர் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. விற்பனை போனாலும் போகட்டும், சீலை எடுத்துச் சான்றையும் கொடுத்துவிட்டார்கள் என்றால் வண்டியைச் சும்மாவாவது யாருக்காவது தள்ளிவிடலாம், இவளை இறக்கிவிடலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தலைவர் வந்தார். புத்தம்புதுக் கார், பின்னால் இன்னொரு கார், அதில் நாலு சிப்பந்திகள், ஒரு மெத்தை போட்ட நாற்காலி. தலைவர் நல்ல தேஜஸ். ஷெட் வாசலில் நின்று, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"இந்த ஆணையம் ஏற்பட்டதிலேர்ந்து எங்க பொறுப்புல வந்த ஒரு வண்டிக்குக்கூட விபத்து நடந்ததில்லை. காரணம் என்னன்னா, ஒரு வண்டியும் ஓடினதில்லை. வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்துட்டு அசந்துபோயிட்டாங்க. எங்க கிடங்குல ஆயிரத்துச் சொச்சம் வண்டி நிக்குது. எல்லாம் வரும்போது எந்த நெலமையில இருந்துதோ, அதைவிட ஒரு படி கீழதான் இருக்கு. இயற்கையா கெடறதை நாங்க தடுக்கிறதில்லை. ஒழுங்கா கெடுதான்னு மட்டும் பாத்துக்கறோம். ஒரு வண்டியைச் சரிபண்ண எவனாலயும் முடியும். சரிபண்ணாம வெச்சுக்கறதுக்குத்தான் ஒரு அமைப்பு தேவைப்படுது."

சிப்பந்திகள் கை தட்டினார்கள். தூசி பறக்காதபடி மெதுவாகத் தட்டினார்கள்.

பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க தொடைச்சப்ப வீட்டுல வேற யாரு இருந்தாங்க?"

"என் மனைவி. மேல. அவளால எறங்க முடியாதுங்க. இடுப்புல தகடு."

"எவ்வளவு நாளா எறங்கலை?"

"ஏழு மாசத்துக்கு மேல ஆகுதுங்க."

தலைவரும் தூசி அதிகாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எறங்கலையா, எறக்கலையா?" என்றார் தலைவர்.

மாடி ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அதைத்தாங்க நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

தலைவர் சுறுசுறுப்பானார். "ஒளிச்சு வெச்ச சாட்சி. கீழ கொண்டாங்க."

"ஐயா, டாக்டர் சொல்லியிருக்காரு. எறங்கினா மறுபடி ஏத்தக்கூடாது. கீழ அவளுக்கு எடமே இல்லைங்க."

"ஏத்தறது எங்க துறை இல்லை" என்றார் தலைவர்.

நாலு சிப்பந்திகளும் ஆணையத்தின் மெத்தை நாற்காலியோடு மேலே போனார்கள். கண்ணாடிக்காரர் படிக்கட்டின் அடியில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார், விழுந்தால் பிடித்துவிடுபவர் மாதிரி. வளைவுக்கு வளைவு மனைவி அதட்டுகிற சத்தம் கேட்டது. "இந்தப் பக்கம் சாயாதப்பா. மெதுவா. நீ என்ன, தூங்கறியா?" கடைசி வளைவு தாண்டி அவள் முகம் வெளிச்சத்தில் வந்தது. தெருவைப் பார்த்தாள். எதிர் வீட்டு வாசலில் யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. கண்ணாடிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. நாமே நாலு பேரைக் கூப்பிட்டு இதை எப்போதோ செய்திருக்கலாமோ என்று முதல் தடவையாக அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

இறக்கியதும் ஒரு சிப்பந்தி நாற்காலியைக் கேட்டான். அது ஆணையத்தின் சொத்து, தலைவர் உட்கார வேண்டியது. மனைவியை எங்கே உட்காரவைப்பது? ஷெட்டில் இருந்த ஒரே இருக்கை காரின் பின்சீட்டுதான். தூசி அதிகாரி பதறினார். தலைவர் கையமர்த்தினார். "ஆணையம் தொட்டா அது தொட்டதாகாது. தொறங்க." நாலு பேரும் சேர்ந்து இழுத்ததில் கதவு முனகிக்கொண்டு திறந்தது. அவளை மெல்ல உள்ளே நகர்த்தினார்கள். அவள் நகர்ந்து நகர்ந்து, இடது மூலையில் போய்ச் சாய்ந்துகொண்டாள். மற்ற இடத்திலெல்லாம் மேடு பள்ளமாக இருந்த சீட்டு, அங்கே அவளுக்கென்று குழிந்த மாதிரி இருந்தது.

"ஏன் அந்த மூலை?" என்று தூசி அதிகாரி சந்தேகத்தோடு கேட்டார்.

"என் எடம்தாங்க. எங்கப்பா இந்த வண்டியை வாங்கி ஓட்டிக்கிட்டு வந்தப்ப நான் இந்த மூலையிலதான், எங்கம்மா மடியில. கல்யாணம் ஆகற வரைக்கும் இங்கதான் உக்காருவேன்."

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதிகாரி குனிந்து குழிவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் குழிவைப் பார்த்தார். "பொருந்துது சார்" என்றார் தழுதழுத்த குரலில்.

"அசல் பாகம்" என்றார் தலைவர். "வண்டியோட வந்த பாகம். இத்தனை நாளா தனியா, மேல மாடியில." பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். அவர் குரலில் இருந்த கனிவு போய்விட்டது. "நீங்க எப்ப சேர்ந்தீங்க?"

"கல்யாணத்துக்கு அப்புறங்க."

"பின்னால மாட்டினது. அதான் பொருத்தமில்லாம வேலை பண்ணியிருக்கு."

தீர்ப்பை அங்கேயே சொன்னார்கள். அசல் பாகத்தையும் வண்டியையும் இனிப் பிரிக்கக்கூடாது. ஆகவே விற்பனை என்ற பேச்சே கிடையாது. இரண்டும் சேர்ந்து இங்கேயே இருக்கலாம், அல்லது ஆணையத்தின் கிடங்குக்கு வரலாம். இங்கேயே இருப்பதானால் ஒரு நிபந்தனை. வண்டிக்குச் சேதம் விளைவித்த பிற்சேர்க்கை வண்டியிலிருந்து இருபதடி தள்ளியே இருக்கவேண்டும். அதற்குப் பிற்சேர்க்கை சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

"போட்டா, அவ இந்த ரூம்லயே இருக்கலாமா? கட்டில் போடலாமா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"வண்டியில இடிக்காமப் போட்டுக்கலாம். அசல் பாகத்தோட பராமரிப்புக்குக் காவலாளி ரெண்டு பேரும் இருப்பாங்க."

அவர் படிக்கவே இல்லை, காட்டின இடத்தில் போட்டார். அந்த விவகாரத்தில் ஆணையம் சந்தேகப்படாமல் வாங்கிக்கொண்ட ஒரே கையெழுத்து அதுதான். பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு, இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று மனசு கரைந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் சிப்பந்திகள் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அளந்ததில், கடை பதினோரு அடியில் வந்தது. ஆகவே கடைக்குள் அவர் இருக்கக்கூடாது. தெரு பதினாறு அடி. வாசல் பக்கம் நடமாடக்கூடாது. மாடி மட்டும் சரியாக வண்டியின் தலைக்கு மேலே இருந்தது. ஆனால் ஆணையம் தரையில்தான் அளக்கும், உயரத்தில் அளக்க விதி கிடையாது. எனவே மாடியில் அவர் தாராளமாக இருக்கலாம். படிக்கட்டு நாலடியில் வந்ததால் அவர் ஏறின பிறகு இறங்கத்தான் முடியாது. ஏறுவதற்கு மட்டும் அன்றைக்குத் தலைவர் விசேஷ அனுமதி கொடுத்தார்.

வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு கட்டிலை எப்படியோ நுழைத்துப் போட்டாயிற்று. ஷெட்டுக்கும் கடைக்கும் நடுவே இருந்த கதவைத் திறந்தாயிற்று. மனைவி முதல் நாள் வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள், கடைக்கு வந்து திரும்பிப்போன ஒருத்தரைக் கூப்பிட்டு, பழைய கண்ணாடியை வாங்கிக்கொண்டு, மேலே பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏங்க, சின்ன ஸ்குரூ எந்த டப்பாவுல?" அவர் ஜன்னலிலிருந்து சொன்னார். வாரம் முடிவதற்குள் மேலே பார்த்துக் கேட்பது குறைந்துவிட்டது. காவலாளிகளில் ஒருவர் டீ வாங்கி வந்தார், ஒருவர் ஃபிரேம்களை அடுக்கிக் கொடுத்தார். கூட்டம் கூடிற்று. கார் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி விற்கும் அம்மாளைப் பார்க்கவே அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பவர் கூடியிருக்கிறதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூடியிருக்கிறது என்று அவள் சொல்வது மேலே கேட்டது.

இதற்கெல்லாம் ஒரு பரிகாரம் இருந்தது. பின்னால் மாட்டின பாகத்தை மறுபடி மாட்டிக்கொள்ள அனுமதி கேட்டு அசல் பாகம் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதவேண்டும். வேறு யார் எழுதினாலும் செல்லாது. விஷயத்தைத் தூசி அதிகாரியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு வரி எழுதினால் போதும்.

முதலில் கண்ணாடிக்காரர் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்தார். அவளே செய்வாள், ஓய்ந்தபோது எழுதுவாள் என்று நினைத்தார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார். அவள் சிரிப்பது கேட்டது. ஏழு மாசமாக அவர் கேட்காத சிரிப்பு. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இவ்வளவு சிரிக்க அப்படி என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

ஒரு சாயங்காலம், கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, அந்த மனு எழுதிட்டியா?"

கீழே யாருக்கோ பில் போட்டுக் கொடுத்தாள் போலிருக்கிறது.

"ஏங்க, மேல காத்து நல்லா வருதா?" என்று கேட்டாள்.

"வருது. அதுக்கென்ன?"

"அப்பக் கொஞ்ச நாளைக்கு ஒடம்பைப் பாத்துக்கிட்டு அங்கயே இருங்க. அவசரம் ஒண்ணுமில்லை" என்றாள்.